விசிறிப் படத்துக்குள் அடங்காத நிலைமைகள்

2023 ஜூலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியிருந்த நேரம். பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும், 6-ஐத் தாண்டவிடக் கூடாது என்ற பொறுப்பைச் சுமக்கும் ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு, ஆகஸ்ட் 10 அன்று வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலேயே விட்டுவைத்தது. ஜூலைப் பணவீக்கம் 7.44 சதவீதம் என்ற புள்ளிவிவரம் வெளிவந்ததோ அதற்கு நான்கு நாட்கள் கழித்து.

வட்டி உயர்வு விலைவாசியைத் தொடப் பல காலாண்டுகள் பிடிக்கும். அடுத்த தக்காளி விளைச்சல் அதற்கு வெகுமுன்பே சந்தைக்கு வந்துவிடும். ஆகவே குழு அஞ்சியது தக்காளிக்கு அல்ல, அதன் தொடர்விளைவுக்கு. ஆம்பூர் பிரியாணிக் கடைக்காரர் காய்கறி விலையைக் காட்டி பிளேட்டுக்குப் பத்து ரூபாய் ஏற்றினால், தக்காளி இறங்கிய பிறகு அதைக் குறைக்கவா போகிறார்? மக்கள் எந்த விலையை எதிர்பார்க்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டறியும் ஆய்வை வங்கி நடத்துவது இதற்காகத்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 5.02 சதவீதத்துக்கு இறங்கியது.

இத்தகைய இடர்களை அளக்க முடியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும் பணக்கொள்கை அறிக்கையின் விசிறிப் படத்தில், பணவீக்க மதிப்பீட்டுக் கோட்டைச் சுற்றி 50, 70, 90 சதவீத வாய்ப்புகளைக் குறிக்கும் பட்டைகள் காலம் செல்லச் செல்ல அகன்றுகொண்டே போகும்.

2020 மார்ச் 27 அன்று நிலைமை வேறு. பெருந்தொற்று எவ்வளவு காலம் நீடிக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்கு ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் எப்போது திரும்பும் என்பதற்கெல்லாம் வாய்ப்புக் கணக்குப் போட இடமே இல்லை. பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-லேயே இடரிலிருந்து பிரித்துக் காட்டிய நிச்சயமின்மை இதுதான். குழு வளர்ச்சிக்கும் பணவீக்கத்துக்கும் கணிப்புத் தராமலேயே வட்டியை ஒரே வீச்சில் 0.75 சதவீதம் குறைத்தது.

கொள்கையின் விளைவு சரியாகத் தெரியாதபோது சிறு அடிகளாக எடுத்துவைக்க வேண்டும் என்பது 1967-இல் வில்லியம் பிரெய்னார்டு சொன்ன வழி. ஆனால் தாமதத்தின் விலை நிறுவனங்கள் திவாலாவதாக இருக்கும்போது அந்த நிதானம் பொருந்தாது. எந்தப் பிழையைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்பதே அளவுகோலாகிறது.

வட்டியை மீண்டும் ஏற்றும் திருத்தம் 2022 மே மாதம் தொடங்கியது. அதற்குள் உக்ரைன் போரும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்துக்கு மேல் நின்றது. சட்டப்படி வங்கி அரசுக்கு விளக்கக் கடிதம் எழுத நேர்ந்தது. அக்கடிதம் வெளியிடப்படவில்லை. விசிறிப் படத்தை ஊரறியக் காட்டும் வங்கி, கணிப்பு தவறியதற்கான காரணத்தை மட்டும் மூடிவைப்பது எனக்கு உடன்பாடானதல்ல. இங்கிலாந்து வங்கி அத்தகைய கடிதங்களை வெளியிட்டே வருகிறது.