கருப்பு லேப்டாப்பா, வெள்ளை லேப்டாப்பா?

இளம்பிள்ளையில் சேலைக்கு டிசைன் போடும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, சேலத்தில் ரெண்டு கடையில் லேப்டாப் விசாரிச்சேன். ஒருத்தர் கணக்கில் கருப்பு 25 சதவீதம் மெதுவு. இன்னொருத்தர் கணக்கில் வெள்ளை 25 சதவீதம் மெதுவு. ரெண்டு பேரும் என் ஃபைலைத்தான் ஓட்டிப் பார்த்தாங்க. யார் சொல்றது பொய்?"

யாருமே பொய் சொல்லவில்லை.

முதலில், வேகம் என்றாலே எல்லோரும் பார்க்கும் கிகாஹெர்ட்ஸ் (பிராசசர் நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்ற எண்) கதையை முடித்துவிடுவோம். ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பைக்கின் உச்ச வேகத்தை வைத்து என்ன செய்வது? நிரலிலும் அப்படி வளைவுகள் உண்டு. "இப்படியா, அப்படியா" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் பிராசசர் முன்கூட்டியே யூகித்து ஓடுகிறது. யூகம் தவறினால் பாதி முடித்த வேலையை எல்லாம் கொட்டிவிட்டுத் திரும்ப வர வேண்டும். 2004ல் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்ட இன்டெலின் பென்டியம் 4 பிராசசர், வேலையை 31 படிகளாகப் பிரித்து வைத்திருந்தது. படிகள் கூடினால் கொட்டும் வேலையும் கூடும்; ஒவ்வொரு தவறுக்கும் நஷ்டம் அதிகம். 2006ல் இன்டெலின் அடுத்த பிராசசரான கோர் 2 டுவோ 3 கிகாஹெர்ட்ஸைக்கூட எட்டாமல் அதை முந்திவிட்டது.

சரி, தம்பியின் கணக்குக்கு வருவோம். சோதனையில் இரண்டு வேலைகள்: டிசைனைத் திறப்பது, அதைத் தறிக்கான ஃபைலாக மாற்றுவது. கருப்புக்கு முதல் வேலை 10 நொடி, இரண்டாவது 40 நொடி. வெள்ளைக்கு இரண்டுமே 20 நொடி என்று வைத்துக்கொள்வோம்.

கருப்பை அளவுகோலாக வைத்தால், வெள்ளை முதல் வேலைக்கு 2 மடங்கு நேரம் எடுக்கிறது, இரண்டாவதற்கு அரை மடங்கு. சராசரி 1.25. அதாவது வெள்ளை 25 சதவீதம் மெதுவு! இப்போது வெள்ளையை அளவுகோலாக வையுங்கள். கருப்புக்கு முதல் வேலையில் அரை மடங்கு, இரண்டாவதில் 2 மடங்கு. சராசரி அதே 1.25. இப்போது கருப்புதான் 25 சதவீதம் மெதுவு! நேரங்களில் ஒரு நொடிகூட மாறவில்லை. எந்த இயந்திரத்தை '1' என்று வைக்கிறோமோ அது ஜெயிக்கிறது. இதை முதன்முதலில் நோட்டில் போட்டுப் பார்த்த அன்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அவ்வளவு அழகான பொறி இது.

ஃப்ளெமிங், வாலஸ் என்ற இருவர் 1986ல் இதைத் தெளிவாக எழுதினார்கள். விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதே, பெருக்கி அதற்கு மூலம் (root) எடு என்றார்கள். 2ஐ அரையால் பெருக்கினால் 1; வர்க்கமூலமும் 1. யாரை அளவுகோலாக வைத்தாலும் தீர்ப்பு மாறாது. கம்ப்யூட்டர் வேகத்தை அளக்கும் சோதனைகளை வகுக்க 1988ல் தொடங்கிய ஸ்பெக் (SPEC) அமைப்பின் பிராசசர் சோதனைகளும் இந்தப் பெருக்கல் சராசரியைத்தான் பயன்படுத்துகின்றன.

ஆனால் அது சொல்லும் தீர்ப்பு என்ன? "இரண்டும் சமம்." தம்பிக்கு அது சமமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை டிசைனைத் திறக்கிறீர்கள் என்று கேட்டேன். பத்துப் பன்னிரண்டு தடவை, தறி ஃபைல் ஒன்று என்றார். பத்து என்றே வைத்தால் கருப்புக்கு 140 நொடி, வெள்ளைக்கு 220. தறி ஃபைல் மட்டும் போட்டுத் தருபவருக்கோ வெள்ளைதான் பாதி நேரத்தில் முடிக்கும்.

நம் கல்லூரிகளில் ஆய்வகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது மாணவர்கள் ஓட்டும் நிரல்களையே ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அளக்கக் கற்பதும் அறிவியல் படிப்புதான். அதற்குப் பெரிய நிதிகூடத் தேவையில்லை.

அப்புறம் தம்பி, ஏசி கடையில் ரெண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். ஏற்காட்டுக் குளிரில் ஓடுவதுபோலச் சேலத்துச் சித்திரை வெயிலில் ஓடாது. கடைக்காரரிடம் கேட்டு, ஏசி இல்லாத இடத்தில் வைத்து, உங்கள் பெரிய டிசைனை அரை மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். முதல் தடவைக்கும் கடைசித் தடவைக்கும் எத்தனை நொடி வித்தியாசம் என்று குறித்து அனுப்புங்கள்.