நல்ல எண் வந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்

"ரிப்போர்ட்ல காத்து சரியாத்தான் சார் இருக்கு. ரூம்தான் குளிரல." ஏ.சி. பேலன்சிங், அதாவது ஒவ்வோர் அறைக்கும் வேண்டிய காற்று போகிறதா என்று அளந்து சரிசெய்யும் வேலையில் இருக்கும் எனக்கு இது பழகிப்போன புகார். சென்னையில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போனபோதும் இதையே சொன்னார்கள். ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பார்த்தால், காற்று போகும் குழாயான மெயின் டக்ட்டில், அளப்பதற்கு ஒரே ஒரு ஓட்டை. அதுவும் எல்போவை, அதாவது டக்ட் திரும்பும் வளைவைத் தாண்டி ஒரு முழத்தில். காற்றின் வேகத்தை அளக்க உதவும் பிட்டாட் டியூப் என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அதோடு இணைத்த அழுத்தமானியான மேனோமீட்டரில் நல்ல எண் வந்த இடத்தில் நிறுத்தி, அந்த வேகத்தை டக்ட்டின் பரப்பால் பெருக்கி எழுதிவிட்டார்கள்.

பிட்டாட் டியூபின் மூக்குத் துளை காற்றை எதிர்கொண்டு மொத்த அழுத்தத்தை வாங்குகிறது; பக்கத் துளைகள் நிலை அழுத்தத்தை. இரண்டின் வித்தியாசம்தான் வேக அழுத்தம். அறை வெப்பநிலைக் காற்றுக்கு, பாஸ்கலின் வர்க்கமூலத்தை 1.29-ஆல் பெருக்கினால் வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 60 பாஸ்கல் என்றால் ஏறக்குறைய 10 மீட்டர்.

ஆனால் அது மூக்கு நிற்கும் புள்ளியின் வேகம் மட்டுமே. சுவரோரம் காற்று தயங்கும். எல்போ தாண்டினால் வெளிவளைவுப் பக்கம் ஒதுங்கி ஓடும். எல்போவிலிருந்து டக்ட் விட்டத்தைப் போல ஏழரை மடங்கு தள்ளி அளக்கச் சொல்கிறார்கள். நம் சீலிங்குக்குள் அவ்வளவு நேர் டக்ட் எங்கே இருக்கிறது? முடிந்தவரை தள்ளிப் போய், வரிசையாக ஓட்டை போட்டு 25 புள்ளிகளில் அளந்தேன். எழுதியிருந்ததில் முக்கால் பங்கு காற்றுதான் வந்தது. ஃபேன் வேகத்தைக் கூட்ட அதன் புல்லியை மாற்ற வேண்டியதாயிற்று.

கணக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. அழுத்தங்களைச் சராசரி எடுத்துவிட்டு வேகத்துக்கு மாற்றக்கூடாது. 9, 81 பாஸ்கல் என்று இரண்டு ரீடிங் இருந்தால், தனித்தனியாக மாற்றிச் சராசரி எடுக்கும்போது 7.74. முதலில் சராசரி எடுத்தால் 8.65. தப்பு எப்போதும் கூடுதல் பக்கமே போகும், அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

வினாடிக்கு 2 மீட்டர் ஓடும் கிளை டக்ட்டுக்குப் பிட்டாட்டை எடுக்கவே வேண்டாம். அங்கே கிடைப்பது 2.4 பாஸ்கல். முழு எண் மட்டும் காட்டும் மீட்டர் 2 என்கும், அடுத்த நொடி 3 என்கும். சூடான கம்பி காற்றில் குளிர்வதை வைத்து வேகம் காட்டும் ஹாட் ஒயர் அனிமோமீட்டரே அதற்குச் சரி.

அளந்து முடித்ததும் ஓட்டைகளுக்கு ரப்பர் பிளக் போடுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு, "சீலிங்கில் யாரோ விசில் அடிக்கிறார்கள்" என்று மறுநாளே போன் வாங்கினேன்.