பன்னீர் திராட்சைக்கு இத்தாலியில் ஒரு சொந்தம்

லண்டனில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறுவது என் வேலை. நம்மாட்கள் வந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "ரெட் குடுங்க தம்பி, நல்லா ஸ்ட்ராங்கா." சேர்ந்த புதிதில் நானும் யோசிக்காமல் காபர்நே சோவினியோன் என்ற துவர்ப்பான ரெட் ஒயினை ஊற்றிவிடுவேன். மேசையில் மிளகுக்கறி இருக்கும். காரத்தோடு அந்தத் துவர்ப்பும் சேர்ந்தால் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கு இழுக்கும். இரண்டு மடக்கோடு கிளாஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நமக்கு ஒயின் ஒத்துவராது" என்பார்கள். தப்பு என்மேல்தான்.

இப்போது, "ஊர்ல பன்னீர் திராட்சை சாப்பிட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பிக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் அந்தத் திராட்சைக்கு ஒயின்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அது இரண்டு ரகங்களுக்குப் பிறந்தது. வாசனை மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா கொடுத்தது. இன்னொன்று ஸ்கியாவா க்ரோஸா. நான் ஊற்றுவது அந்த ஸ்கியாவா வம்சத்துத் திராட்சையில் செய்த ஒயினை.

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைச்சரிவில் இருக்கிறது ஆல்டோ அடிஜே. ஸ்கியாவாவை அங்கேயும் காலங்காலமாகப் பந்தலில்தான் ஏற்றியிருக்கிறார்கள். கம்பத்துக்காரர் போய் நின்றால் வீட்டு ஞாபகம் வந்துவிடும். முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்த பகுதி என்பதால் பல பாட்டில்களில் ஃபெர்னாச் என்ற ஜெர்மன் பெயர் இருக்கும். ஜெர்மனியில் அதையே ட்ரோலிங்கர் என்கிறார்கள். இங்கே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்டு இன்னும் காய்க்கிற கொடியும் ஸ்கியாவா க்ரோஸாதான்!

ஊற்றியதும் முகம் சுருங்கும். "என்ன தம்பி, தண்ணி கலந்துட்டீங்களா?" நிறம் அவ்வளவு வெளிர். அடர்ந்த நிறம்தான் தரம் என்ற நினைப்பு சுலபத்தில் போகாது. குடித்துப் பார்த்தால் ஸ்ட்ராபெரி மணம், துவர்ப்பு பேருக்கு, கடைசியில் லேசாக பாதாம் கசப்பு. கோழி வறுவலோடு சண்டை போடாது. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் குடிக்க வேண்டிய ரெட் இது.

ஒன்றில் ஏமாந்துவிடாதீர்கள். சுலபமாக இறங்குகிறதே தவிர, ஆல்கஹால் 12 சதவீதம் பக்கம் இருக்கும். 150 மில்லி கிளாஸில் 18 மில்லி சுத்த ஆல்கஹால். கார் சாவி உங்கள் கையில் இருந்தால் வேண்டாம்.

கடையில் லாகோ தி கால்தாரோ, சாந்தா மத்தலேனா என்ற பெயர்களையும் தேடுங்கள், இரண்டும் பெரும்பாலும் ஸ்கியாவாதான். வாங்கியதை விசேஷத்துக்கென்று அலமாரியில் பூட்டிவைக்க வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும்.