காற்று அடித்தால் அம்மாவுக்கு ஏன் நெஞ்சு படபடக்கிறது?

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம், தென்னை மட்டை சலசலத்தாலே அம்மாவுக்கு நெஞ்சு படபடங்குது, உள்ளங்கை வேர்க்குது. ஈ.சி.ஜி. எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைங்கறாங்க. காத்துக் கருப்பு, மந்திரிச்சுக் கூட்டிட்டு வான்னு தெருவுல சொல்றாங்க. இது என்ன?"

2004 சுனாமி, 2011 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல். கடலூர்க் கரையில் இருபது வருடம் வாழ்ந்தவருக்கு இத்தனையும் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கின்றன.

படபடப்பு எப்படி வருகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா ஆபத்து என்று கத்தும், அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும். 'தானே' புயல் கரையேறிய அந்த விடிகாலையில் காற்றின் ஊளையும் உயிர்ப்பயமும் சேர்ந்தே வந்ததால், அமிக்டலா இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டது. சரி, அந்த முடிச்சு எப்படித் தளரும்? என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான்.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு வைக்கும்போதெல்லாம் ஓர் ஓசை எழுப்பிப் பழக்கியதால், ஓசை கேட்டாலே எச்சில் ஊறும். சாப்பாடு வைக்காமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தால் எச்சில் நின்றுவிடும். மறந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி ஓசை எழுப்பினால், எச்சில் மறுபடி ஊறும்! பழைய பாடம் அழியவே இல்லை. அதன் மேல் புதுப்பாடம் ஒன்று ஏறியிருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி "இந்த ஓசை இப்போது ஆபத்தில்லை" என்று கற்றுக்கொண்டு அமிக்டலாவை அடக்கிவைக்கிறது.

இந்தப் புதுப்பாடத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. காற்று கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் போர்த்திப் படுத்தால், பாடமே நடக்காது. 'கதவைச் சாத்தியதால்தான் பிழைத்தேன்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளும். இன்னொன்று, பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். நகரத்து ஆஸ்பத்திரி அறையில் போன பயம், வீட்டுத் தகரக் கூரை தடதடத்ததும் திரும்பி வந்துவிடலாம்.

அதனால்தான் மனநல சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்கிறேன். பேரிடருக்குப் பிறகு மக்கள் அங்கே வந்து "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. உடம்பு வலி, தூக்கம் வரலை, பசிக்கலை என்பார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வரிசையிலேயே ஒரு செவிலியர் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்டால் போதும்: ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவர் உட்கார்ந்து பேசிப் பார்ப்பார். கடுமையாக இருந்தால் மட்டும் மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். 1984 போபால் விஷவாயுவுக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்துவந்த பொது மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். நமக்குத் தெரியாத வழி இல்லை இது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையை 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதே கால்கள் அதே வாசலில் தூக்கத்தையும் பயத்தையும் விசாரிக்கட்டும். நிவாரணக் கணக்கில் படகுக்கும் கூரைக்கும் பணம் ஒதுக்கும்போது, இந்தப் பயிற்சிக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கவேண்டும்.

மந்திரிப்பது பற்றி: வேப்பிலை அடிப்பவரின் கரிசனம் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கலாம், அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் 'கருப்பு அண்டியிருக்கிறது' என்ற சொல் பயத்துக்குப் பயம் கூட்டுகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

வாசகிக்கு: ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மருத்துவரிடம் படபடப்போடு புயலையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் சரி என்றால், போனில் காற்றின் சத்தத்தை மெல்ல வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். படபடப்பு ஏறி, தானாக இறங்கும்வரை எழுந்து போகவேண்டாம். அப்புறம் ஒருநாள் இளங்காற்றில் திண்ணைக்கு. அம்மா திணறினால் ஒரு படி பின்னால் வாருங்கள். இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.