நூலில் ஒரு தேன்சிட்டை மின்ன வைப்பது எப்படி?

காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. நான்கு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை விரித்து நிற்கும் வெள்வேல மரம். அதைத் துணியில் கொண்டுவர எனக்கு ரொம்ப நாள் ஆசை. அடித்துணிக்கு வெளுக்காத பருத்தித் துணியான காடா, மண்ணுக்கும் வேலிக்கும் திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் என்று எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிட்டன. வேலி மேல் பாடிக்கொண்டிருக்கும் ஓர் ஆண் ஊதாத் தேன்சிட்டைத் தைக்க உட்கார்ந்தபோதுதான் திணறினேன். கருப்பு நூலில் நெருக்கமாகத் தைத்து முடித்தேன். சிட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மைக்கறை இருந்தது. அம்மிச்சியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம், காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "வெயில்ல அது கருப்பாவா கண்ணு இருக்குது?" என்று கேட்டார்.

இல்லைதான். நிழலில் கரிக்கட்டை மாதிரி இருக்கும் அந்தச் சிட்டு வெயிலில் திரும்பினால் ஊதாவும் மயில்நீலமும் தெறிக்கும். அந்த ஊதாவுக்கென்று தனிச் சாயம் எதுவும் இறகில் இல்லை. நம் நகத்தைப் போலவே இறகும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் மிக நுண்ணிய கிளைகளுக்குள் மெலனின் என்ற கருநிறமியின் துகள்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. மேலடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் கீழடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் வெளியே வரும்போது ஒன்றோடொன்று கலக்கின்றன. எந்த நிறத்தின் அலைகள் ஒத்துப்போகின்றனவோ அந்த நிறம் வலுக்கிறது, மற்றவை அடங்கிப்போகின்றன. மழை நின்ற தார்ரோட்டில் சிந்திய டீசல் வானவில் காட்டுவதும் இதே கணக்குதான். பார்க்கும் கோணம் மாறினால் ஒளி கடக்கும் தூரம் மாறும், அதனால் நிறமும் மாறும். இதில் மெலனினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது தானே கருப்பு என்பதால், மிச்சம் சிதறும் ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் கருப்பு அடியில் இருப்பதால்தான் ஊதா அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது.

சரி, நூலில் இதை எப்படிச் செய்வது? சாயம் போட்ட நூல் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே நிறம்தான். ஆனால் அதன் பளபளப்பு கோணத்துக்குக் கோணம் மாறும். நமக்குக் கிடைத்த பிடி அதுதான்.

செடியில் இருக்கும்வரை பஞ்சு இழை ஒரு குழாய். காய் வெடித்து வெயிலில் காய்ந்ததும் அது சப்பையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்தக் கோணல் பரப்பில் விழும் ஒளி நாலாபுறமும் சிதறுவதால் சாதாரணப் பருத்தி நூல் மங்கலாகத் தெரியும். 1844இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் இழை உப்பி உருண்டையாவதைக் கண்டார். பிற்பாடு ஹொரேஸ் லோ என்பவர், சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பட்டுப் போன்ற மினுக்கம் வருவதைக் காட்டினார். நம்மூர்ச் சாயப்பட்டறைகளில் மெர்சரைசிங் என்று சொல்வது இதைத்தான். கடையில் வாங்கும் ஆறு இழை எம்பிராய்டரி நூல் மின்னுவதும் இதனால்தான்.

இப்போது எண்ணெய் தேய்த்து வாரிய தலையை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் முடியின் நீளத்தில் ஓடாமல், குறுக்கே ஒரு பட்டையாக நிற்கும். உருண்டையான இழை நீளவாட்டில் கண்ணாடி போல நடந்துகொள்கிறது; சரியான கோணத்தில் நின்றால்தான் மினுக்கம் நம் கண்ணுக்கு வரும். குறுக்குவாட்டிலோ வளைந்த பரப்பு ஒளியை விசிறி போல் விரித்துவிடுவதால், எங்கே நின்றாலும் கொஞ்சம் வந்துவிடும். ஆகவே சுவரில் மாட்டிய துணிக்குப் பக்கவாட்டுச் சன்னலில் இருந்து ஒளி வந்தால், மேலும் கீழுமாகப் போட்ட தையல் மின்னும், படுக்கையாகப் போட்டது மங்கும். ஒரே நூல்தான், ஆனால் இரண்டு நிறம் போலத் தெரியும்.

இது புரிந்ததும் பழைய தையலைப் பிரித்துவிட்டேன். முதலில் கருப்பு நூலில் ஓர் அடித்தளம். அதன் மேல் கத்தரிப்பூ நிறத்திலும் மயில்நீலத்திலும் ஒற்றை இழை மட்டும் பிரித்து, கருப்பு தெரியும்படி இடைவெளி விட்டுத் தையல்கள். தொண்டையில் நிமிர்ந்த வாட்டம், தோளில் சாய்வு, இறக்கையில் படுக்கை. ஓடு வேய்பவர் கீழ் வரிசையில் தொடங்கி மேலே போவது போல, வாலில் தொடங்கித் தலைக்குப் போக வேண்டும். அப்போதுதான் முன் இறகு பின் இறகின் மேல் படியும். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். துணியின் துளைக்குள் போய்வரும் ஒவ்வொரு முறையும் இழையின் மேற்பரப்பு உராய்ந்து பிசிறடிக்கும், பாடுபட்டு வாங்கிய மினுக்கம் போய்விடும்.

வளைந்த அலகு இன்னொரு பாடம். இழுத்துக் கட்டிய நூல் இரண்டு துளைக்கு நடுவே நேர்கோட்டில்தான் கிடக்கும், எவ்வளவு கெஞ்சினாலும் வளையாது. குட்டிக்குட்டி நேர்த்தையல்களாகப் பக்கம் பக்கமாகச் சாய்த்துப் போட்டால்தான் கண் அதை வளைவாக ஏற்கும். கண்ணுக்கு ஒரு முடிச்சு, சன்னல் இருக்கும் பக்கமாக ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி விழுந்த நொடியில் சிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

பறவையைப் பனியன் துணி மேல் தைக்க வேண்டாம். அது வளையம் வளையமாகப் பின்னிய துணி; எம்பிராய்டரி ரிங்கில் இறுக்கும்போது விரியும், கழற்றியதும் சுருங்கித் தையலையும் சுருட்டிவிடும். பாவும் ஊடுமாக நெய்த காடாதான் நிலையாக நிற்கும். ஆனால் பனியன் துணிக்கு ஓர் அருமையான குணம் உண்டு: வெட்டிய ஓரம் தானே சுருளும். வளையங்கள் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இழுபடாததால் வரும் சுருட்டல் அது. பட்டையாக வெட்டி ஒரு இழுப்பு இழுத்தேன், கிளுவைக் கொம்பு ரெடி.

படத்தை இப்போது கிழக்குச் சன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். காலையில் தொண்டை ஊதாவாக எரிகிறது. இரவில் மேலே டியூப்லைட்டைப் போட்டால் தொண்டை அணைந்து இறக்கை நீலமாக எழுகிறது. அம்மிச்சி தினமும் இரண்டு நேரமும் வந்து பார்க்கிறார்.