சாமைச் சோறும் சேலத்துக் கொலுசும்

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்க பாட்டி காலத்துல சாமைச் சோறும் ராகிக் களியும்தான். இப்ப மூணு வேளையும் ரேஷன் அரிசி. வயித்துல இருக்கிற கிருமியெல்லாம் மாறியிருக்குமா? அதைப் பரிசோதிச்சுச் சொல்ல முடியுமா?"

முடியும். சுண்டைக்காய் அளவு மலம் போதும்.

நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உண்டு என்று 2016-இல் கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருக்கின்றன. அவை யார் யார் என்று டிஎன்ஏ சொல்லும். ஆனால் டிஎன்ஏ ரேஷன் கார்டு மாதிரி. பெயர் இருக்கும், ஆள் வேலை செய்கிறாரா, தூங்குகிறாரா, இறந்தே போய்விட்டாரா என்பது அதில் தெரியாது. வேலையைச் செய்வது புரதம். அதனால் புரதத்தையே பிடித்துப் பார்க்கிறார்கள்.

முதல் படிகள் சுலபம். மலத்திலிருந்து புரதங்களைப் பிரித்து, டிரிப்சின் என்ற நொதியைச் சேர்ப்பார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. அதில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் வரும் இடத்தில் மட்டும் டிரிப்சின் வெட்டும். நம் கணையமும் இதே டிரிப்சினைத்தான் சுரக்கிறது. சோற்றோடு சாப்பிட்ட பருப்பை வெட்டுவதும் அதுதான். வெட்டிய துண்டுகளை மின்னேற்றம் கொண்ட நுண்துளிகளாகத் தெளித்து மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவிக்குள் அனுப்புவார்கள். அப்படித் தெளிக்கும் வழியைக் கண்ட ஜான் ஃபென்னுக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சில் செய்த ஆயிரம் கொலுசுகள். ஒவ்வொன்றிலும் பலவகைக் கண்ணிகள் ஒரே வரிசையில் கோத்திருக்கின்றன. உங்கள் கண்ணைக் கட்டிவிட்டார்கள்; கையில் தராசு மட்டும். கண்ணிகளின் வரிசையைச் சொல்ல வேண்டும். எப்படி? ஒவ்வொரு கொலுசையும் ஏதோ ஓர் இடத்தில் ஒரே ஒரு முறை உடையுங்கள். கொக்கி உள்ள பக்கத்துத் துண்டுகளை மட்டும் எடைபோட்டு, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளின் எடை வித்தியாசம்தான் ஒரு கண்ணியின் எடை.

கருவியும் இதையே செய்கிறது. இங்கே கொலுசு புரதத் துண்டு, கண்ணி அமினோ அமிலம். புரதத் துண்டுகளை நைட்ரஜன் வாயுவில் மோதவிட்டு உடைக்கும். எடைகள் 503, 616, 703, 760 டால்டன் (மூலக்கூறுகளின் எடைக்கான அலகு) என்று வந்தால், முதல் வித்தியாசம் 113: லியூசின் என்ற அமினோ அமிலம். அடுத்தது 87: செரின். அடுத்தது 57: கிளைசின். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் புரதத்தைப் படித்துவிடலாம். ஒரு சிக்கல் உண்டு. ஐசோலியூசின் என்ற இன்னோர் அமினோ அமிலமும் அச்சாக லியூசினின் எடையே. எவ்வளவு நுட்பமான தராசானாலும் இந்த இரண்டையும் எடையால் பிரிக்க முடியாது.

இதே மல மாதிரியில் நம் உடலின் புரதங்களும் வந்து சேரும். 2009-இல் இரட்டைச் சகோதரிகள் இருவரின் மலத்தை ஆராய்ந்தபோது, கிடைத்த புரதங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மனிதப் புரதங்கள். அதாவது கிருமி என்ன செய்கிறது, அதற்கு நம் குடல் என்ன பதில் சொல்கிறது, இரண்டும் ஒரே சோதனையில் கிடைக்கின்றன. உதாரணமாகக் கால்புரொடெக்டின். குடலில் அழற்சி இருந்தால் வெள்ளையணுக்களிலிருந்து வரும் இந்தப் புரதம் மலத்தில் கூடும். இதை மட்டும் அளக்கும் சோதனை ஆய்வகங்களிலேயே கிடைக்கிறது. குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சாப்பிட்ட சோறு சில மணி நேரத்தில் இரைப்பையைக் கடந்துவிடும். ஊதி எடுக்க அங்கே ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்காது. மருத்துவரிடம் போங்கள்.

சரி, படித்த எழுத்துகள் எந்தக் கிருமியுடையவை? அதற்கு, தெரிந்த கிருமிகளின் மரபணுக்களைத் தொகுத்த ஒரு பதிவேடு வேண்டும். இருக்கும் பதிவேடுகளில் பெரும்பகுதி மேலை நாட்டவர் குடலிலிருந்து எழுதியது. சேர்வராயன் மலைக்காரர் குடலில் மட்டும் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதத்தைக் கருவி தெளிவாகவே அளந்திருக்கும். பதிவேட்டில் பெயர் இல்லாததால் அது அடையாளமின்றிப் போகும். கோடிகள் கொடுத்துக் கருவி வாங்கினால் மட்டும் போதாது. நம் ஊர்க் கிருமிகளின் மரபணுக்களைப் பொறுமையாகத் தொகுக்கவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். திறப்பு விழாவும் ரிப்பனும் இல்லாத வேலை என்பதால் அது தள்ளிப்போகக் கூடாது.

அப்புறம், வாசகியின் கேள்விக்கு வருகிறேன். பாக்டீராய்டஸ் என்ற பாக்டீரியா மாவுச்சத்தும் நார்ச்சத்தும் கிடைக்கும்போது அவற்றைப் பிடித்து உள்ளே இழுக்கும் புரதங்களைச் செய்யும். நார்ச்சத்தே இல்லாமல் எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். குடல் சுவரைக் காக்கும் சளிப் படலத்தையே கிருமிகள் தின்னத் தொடங்கின. பாட்டியின் மல மாதிரி இப்போது கிடைக்காது. ஆனால் மலையில் சாமை சமைக்கும் வீடு ஒன்று இன்றும் இருந்தால், அங்கே ஒரு மாதிரியும் உங்கள் வீட்டில் ஒரு மாதிரியும் எடுக்கலாம். இப்படிப் பல வீடுகளில் எடுத்து, நாரைச் செரிக்கும் நொதி எதில் அதிகம், சளியைத் தின்னும் நொதி எதில் அதிகம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.