கவுன்சிலிங்கில் சொன்னதை வெளியே சொல்ல யாருக்கு உரிமை உண்டு? தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அறிய வேண்டியவை

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநலச் சிகிச்சையின்போது நோயாளி சொன்னவற்றை இரகசியமாகக் காப்பது சிகிச்சை தருபவர்களின் கடமை என்று அதன் 23-ஆவது பிரிவு சொல்கிறது. சட்ட வரலாறு இந்த அளவுக்குப் போதும்.

பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருவர், கணவர் அடிப்பதையும் மாதக்கணக்கில் தூக்கமில்லாததையும் ஒரு மருத்துவமனை ஆலோசகரிடம் சொல்லி அழுதார். மேசையை ஒட்டியே அடுத்த நோயாளிகள் ஓ.பி. சீட்டோடு நின்றிருந்தார்கள், இடநெருக்கடி என்று அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மறுவாரம் கணவர் வந்து விசாரித்தபோது, "வீட்டுக்காரர்தானே" என்று அத்தனையையும் ஒப்பித்துவிட்டார்கள். அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது சிகிச்சை விஷயங்களில் அவருக்குத் துணைநிற்பவருக்கு, தம் பொறுப்பைச் செய்யத் தேவையான அளவு தகவலைத் தரச் சட்டம் இடம் தருகிறது. நோயாளி எவரையும் எழுத்தில் நியமிக்காவிட்டால், உறவினர் என்ற முறையில் கணவரோ மாமனாரோ அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட முடியும். எனவே, கணவரைப் பற்றித்தான் பேசப்போகிறீர்கள் என்றால், முதல் நாளே அம்மாவையோ அக்காவையோ நம்பிக்கையான தோழியையோ பிரதிநிதியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளைத்தாளும் உங்கள் கையெழுத்தோ கைநாட்டோ போதும். நியமிக்கப்படுபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், தம் சம்மதத்தை எழுத்தில் தர வேண்டும். முத்திரைத்தாள் வேண்டும், நோட்டரி வேண்டும், கணவரையும் அழைத்து வாருங்கள் என்று யாராவது சொன்னால், எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று அமைதியாகக் கேளுங்கள். இந்த நியமனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஓசூர்ப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. விடுப்புக்குச் சான்று கேட்கும் மேலாளர், அப்படியே சிகிச்சைக் கோப்பையும் கேட்பார். தகவல் பெறக்கூடியவர்கள் என்று 23-ஆவது பிரிவு குறிப்பிடும் விதிவிலக்குகளில் முதலாளி இல்லை. எத்தனை நாள் ஓய்வு தேவை என்பதை மட்டும் எழுதும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். "என் விவரங்களை யாருக்கும் தரலாம்" என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள் பதிவேடு உங்களுக்கே கிடைப்பது அடுத்த போராட்டம். உள்நோயாளியாக இருந்தவர், இந்தச் சட்டத்தின்கீழ் வந்த 2018-ஆம் ஆண்டு விதிகளின் படிவம் 'அ'-வில் பொறுப்பு மருத்துவ அலுவலருக்கு விண்ணப்பித்தால், 15 நாட்களுக்குள் அடிப்படைப் பதிவேட்டின் நகலைத் தர வேண்டும். நடப்பதோ வேறு: பதிவேட்டு அறைக்குப் போனால் ஆர்.எம்.ஓ. எனப்படும் உறைவிட மருத்துவ அலுவலரின் கையெழுத்து வேண்டும் என்பார்கள், ஆர்.எம்.ஓ. அறைக்குப் போனால் அவர் மீட்டிங்கில் இருப்பார், அஞ்செட்டியிலிருந்து வந்தவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். வாய்மொழியாகக் கேட்டு அலையாமல், விண்ணப்பத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் 15 நாள் கணக்கு எப்போது தொடங்கியது என்று காட்ட முடியாது. புறநோயாளிகள் தங்கள் ஓ.பி. சீட்டைத் தொலைக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு.

ஒரு விஷயத்தில் ஆலோசகர் வாயை மூடிக்கொண்டிருக்கவே முடியாது. 18 வயது நிரம்பாதவர் பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. சிறுவயதுத் திருமணம் இன்னும் ஓயாத நம் மலையோர ஊர்களில், கர்ப்பமான சிறுமியை அழைத்து வரும் குடும்பத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அதற்குப் பயந்து சிகிச்சைக்கு வராமல் இருந்துவிடக் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று அந்தப் பிள்ளையிடம் முதலில் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தகவல் தரும் ஆலோசகரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரகசியத்தின் எல்லை எது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்வது அவருடைய தொழில் பொறுப்பு.

தனியாரிடம் போகிறவர்கள் பெயர்ப் பலகையையும் சுவரில் தொங்கும் சான்றிதழ்களையும் நம்பிவிட வேண்டாம். தம்மை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் உங்கள் குடும்பக் கதையைச் சொல்லாதீர்கள்.

இரகசியம் மீறப்பட்டால், 28-ஆவது பிரிவின்படி முதலில் அந்த மருத்துவமனையின் பொறுப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால், இந்தச் சட்டத்தின்கீழ் புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்திடம் போகலாம், அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த மனு பல மேசைகளைக் கடந்து, பெரும்பாலும் நீங்கள் குறைசொன்ன அதே மருத்துவமனைக்குத்தான் அறிக்கை கேட்டுத் திரும்பிப் போகும். ஆகவே, நோயின் பெயரையோ கவுன்சிலிங்கில் சொன்னதையோ அதில் எழுதாமல், இரகசியம் மீறப்பட்டது என்பதையும் தேதியையும் மட்டும் குறிப்பிடுங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு; வருமானச் சான்றிதழ் வாங்கி வரும்படி அலைக்கழித்தால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.